செலவும் முதலும்: எரிபொருள் விலையேற்றமும் சிக்கன உபதேசமும்

எரிபொருள் விலை ஏறிய மறுவாரம் நமது பத்திரிகைகளின் வாரப் பதிப்புகளில் ஒரு கட்டுரை தவறாமல் வெளிவரும். "செலவைச் சுருக்குவது எப்படி?" என்பது அதன் தலைப்பாகவோ தலைப்பின் சாரமாகவோ இருக்கும். தேவையற்ற பயணங்களைத் தவிருங்கள். ஒரே வாகனத்தில் நால்வராகச் செல்லுங்கள். சக்கரங்களில் காற்றின் அளவைச் சரிபாருங்கள். வெளியில் உண்பதைக் குறையுங்கள். வீட்டுத் தோட்டம் செய்யுங்கள். வியாபாரிகளுக்கும் தனியே ஒரு பட்டியல் உண்டு. ஆட்குறைப்பு, மேலதிக நேரக் கொடுப்பனவை நிறுத்துதல், விநியோகத்தைக் குறைத்தல் என்று அது நீளும்.

பத்திரிகைத் தொழிலில் பல பத்தாண்டுகளைக் கழித்தவன் நான். இத்தகைய கட்டுரைகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து அச்சுக்குப் போயிருக்கின்றன. அவற்றில் கூறப்படும் யோசனைகள் பிழையானவை என்று நான் சொல்ல வரவில்லை. காற்றுக் குறைந்த சக்கரம் கூடுதலாக எரிபொருளை விழுங்கும் என்பது உண்மைதான். என் வழக்கு வேறு. இந்தக் கட்டுரைகள் யாவும் எரிபொருளை ஒரு "செலவு" என்று மட்டுமே கருதுகின்றன. காரில் அலுவலகம் சென்று திரும்பும் ஒருவருக்கு அது செலவுதான். ஆனால் இந்த நாட்டில் பல இலட்சம் பேருக்கு எரிபொருள் செலவன்று. அது அவர்களுடைய முதல். செலவைக் குறைத்தால் பணம் மிஞ்சும். முதலைக் குறைத்தால் வருமானம் போகும். இந்த எளிய வேறுபாட்டை நமது பொருளியல் விற்பன்னர்களும், அமைச்சர்களும், பத்திரிகை ஆசிரியர்களும் ஏன் காண மறுக்கின்றனர் என்பதே என் கேள்வி.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. மார்ச் மாதத்திலேயே 254. ஏப்ரலில் 338. மே மாதத்தில் 420. ஜூன் மாத இறுதியில் 470. டீசலின் கதை இதனிலும் கொடியது. 121 ரூபாவிலிருந்து 176, 289, 400 என்று தாவி, ஜூன் இறுதியில் 460 ரூபாவில் வந்து நின்றது. நான்கே மாதங்களுள் ஏறத்தாழ நான்கு மடங்கு! அந்த விலை கொடுக்கச் சித்தமாக இருந்தவர்களுக்கும் எரிபொருள் கிடைக்கவில்லை. வரிசையில் காத்து நின்ற முதியவர்கள் அங்கேயே விழுந்து இறந்தனர். ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் விலையேற்றத்தை எதிர்த்து மறியல் செய்த மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஓர் உயிர் போயிற்று. ஜூன் 27ஆம் திகதி நள்ளிரவு முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது.

அந்த வேளையிலும் உபதேசத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அரச ஊழியர்கள் வீட்டிலிருந்து பயிர் செய்யலாம் என ஜூன் மாதத்தில் அமைச்சரவை தீர்மானித்தது. மேசையில் அமர்ந்து பணியாற்றுபவருக்கு அது நல்ல ஏற்பாடு. சம்பளம் வரும்; பயணச் செலவு மிஞ்சும்; கொல்லையில் நான்கு கத்தரிக் கன்றும் முளைக்கும். ஆனால் குருநகரிலோ பாசையூரிலோ உள்ள கடற்றொழிலாளி வீட்டிலிருந்தபடி எப்படி வலை விரிப்பார்? ஹற்றனில் கொழுந்து பறிக்கும் பெண் வீட்டிலிருந்தபடி எதைப் பறிப்பார்?

எல்லாவற்றிலும் கொடுமையானது மண்ணெண்ணெயின் கதை. ஆனால் அதுதான் மிகக் குறைவாகப் பேசப்பட்டது. கொழும்புப் பத்திரிகைகளின் தலைப்புச் செய்திகளில் பெற்றோல் இருந்தது, டீசல் இருந்தது, சமையல் எரிவாயு இருந்தது. மண்ணெண்ணெய் உள்பக்கத்துக்குப் போயிற்று. 2022 ஆகஸ்ட் 21ஆம் திகதி நள்ளிரவு அதன் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரே இரவில் 253 ரூபா!

கரையோரச் சிறுபடகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. ஒரு தடவை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் எரிகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 21 பகலில் அதற்கான பணம் 1,740 ரூபா. மறுநாள் விடிந்ததும் 6,800 ரூபா. கரை திரும்பும்போது மீன் கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த 5,060 ரூபா வேறுபாடு போனது போனதுதான். இவருக்கு எந்தச் சிக்கன யோசனையைச் சொல்லப் போகின்றீர்கள்? "தேவையற்ற பயணத்தைத் தவிருங்கள்" என்றா? தொலைவுக்குப் போகாமல் கரையோரம் வலை போட்டால் எண்ணெய் மிஞ்சும், மீன் மிஞ்சாது.

தோட்டக்காரரின் நிலையும் இத்தகையதே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் நிலத்தில் ஆறு கிடையாது, பெருங்குளம் கிடையாது. உரும்பிராயிலும் கோப்பாயிலும் புத்தூரிலும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரை நம்பியே வளர்கின்றன. மின்னிணைப்பு இல்லாத தோட்டக் கிணறுகளில் இறைப்பு இயந்திரம் குடிப்பது மண்ணெண்ணெயைத்தான். வெங்காயப் பயிரிடம் "விலை ஏறிவிட்டது, இந்த வாரம் பொறுத்துக்கொள்" என்று சொல்ல முடியுமா? ஓர் இறைப்பைத் தவறவிட்டால், அதுவரை இறைத்த எண்ணெயும் இட்ட பசளையும் கொடுத்த கூலியும் சேர்ந்தே அழியும்.

மலையகத்துக்கு வருவோம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான் நீண்ட போராட்டத்தின் பின் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வெளிவந்தது. 2022 ஆகஸ்டிலும் அது 1,000 ரூபாதான். ஒரு நாள் முழுதும் மலைச்சரிவில் உழைத்துப் பெறும் கூலியால் மூன்று லீற்றர் மண்ணெண்ணெய் வாங்க இயலவில்லை. 20 ரூபா குறைந்தது. லயத்தில் வாழும் அந்தக் குடும்பம் உணவகத்தில் உண்பதைக் குறைக்க வேண்டுமாம்!

மறுதரப்பின் வாதத்தையும் கேட்போம். அதில் நியாயமே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. டீசல் 400 ரூபாவைத் தாண்டி விற்கும் நாட்டில் மண்ணெண்ணெயை 87 ரூபாவுக்கு விற்றால் கலப்படக்காரர்களுக்குக் கொண்டாட்டமாகும். கூட்டுத்தாபனத்தின் நட்டம் ஈற்றில் மக்கள் தலையில்தான் விழும். எல்லோருக்கும் மலிவு விலை என்று வைத்தால், அதிகம் எரிக்கும் பணக்காரருக்கே அதிக மானியம் போய்ச் சேரும். இவை யாவும் மெய். மலிவுப் பெற்றோலுக்காக நான் வாதாடவில்லை. விலை ஏற்றுவதற்கான காரணங்கள் அரசாங்கத்திடம் இருந்தன.

எனில், நிவாரணம் எங்கே? குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் கடற்றொழிலாளருக்கும் தோட்டத் துறையினருக்கும் நேரடியாகப் பண உதவி வழங்குவதே சரியான வழி என்று அக்காலத்தில் துறைக்குப் பொறுப்பான அமைச்சரே சொன்னார். நல்லது. ஆனால் விலை நள்ளிரவில் ஏறியது. நிவாரணம் நள்ளிரவில் வரவில்லை. நலன்புரித் திட்டங்களைச் சீரமைத்து "அஸ்வெசும" கொடுப்பனவை ஆரம்பிக்க 2023 ஜூலை ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில் படகுகள் எதில் ஓடும் என்று எவரும் சிந்திக்கவில்லை.

சிந்திக்க முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. 2018 மே மாதத்தில் விலைச்சூத்திரம் அறிமுகமான போது மண்ணெண்ணெய் 44 ரூபாவிலிருந்து 101 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கடற்றொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். மறுமாதமே விலை 70 ரூபாவாக இறக்கப்பட்டது. அப்படியானால், எவர் எதற்காக மண்ணெண்ணெய் எரிக்கின்றனர் என்பது திறைசேரிக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும், ஏற்பாடு ஒன்றைச் செய்து வைத்துவிட்டு விலையை ஏற்றுவோம் என்று தோன்றவில்லை.

2022 ஆகஸ்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த எரிபொருள் அனுமதி அட்டையைப் பலரும் பாராட்டினர். நானும் பாராட்டுவேன். கிலோமீற்றர்க் கணக்கில் நீண்ட வரிசைகளை அது முடித்து வைத்தது. ஆனால் அதன் முதற் பங்கீட்டைப் பாருங்கள். வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர். வண்டியின் பருமனைப் பார்த்தால் கணக்குச் சரிதான். வண்டியின் பயனைப் பார்த்தால்? 20 லீற்றருக்கு மேல் கிடைக்காத கார்க்காரர் ஓர் உல்லாசப் பயணத்தைக் கைவிடுவார். 5 லீற்றருடன் நின்றுபோன ஓட்டோக்காரர் அடுப்பெரிப்பதைக் கைவிடுவார். செலவுக்கும் முதலுக்கும் இடையிலான வேறுபாடு அரசாங்கத்தின் கணக்கில் நுழையவே இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இன்னொரு தரப்பினர் உளர். இவர்கள் நம்மவர்கள். "தொண்ணூறுகளில் நாங்கள் எதையெல்லாம் சமாளித்தோம்! இதுவும் ஒரு கஷ்டமா?" என்று மார்தட்டுவோர். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் மக்கள் வாழ்ந்த விதம் வியப்புக்குரியதே. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினர். சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் காரும் புகை கக்கி ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். மூடை மூடையாக விறகும் மரக்கறியும் சைக்கிளில் மைல் கணக்கில் போயின.

ஆனால் அதைச் சிக்கனம் என்று அழைக்காதீர்கள். அது முற்றுகை. நெருக்குதலுக்குள் மனிதர் காட்டிய கெட்டித்தனத்தை நினைவில் வைத்திருக்கும் நாம், அது எவ்வளவைத் தின்றது என்பதை மறந்துவிடுகின்றோம். வைத்தியசாலைக்குச் சைக்கிளில் கொண்டு செல்லப்பட்ட நோயாளர் எல்லோரும் போய்ச் சேர்ந்தனரா? எண்ணெயின்றிக் கரையில் கிடந்த வள்ளங்களின் சொந்தக்காரர்கள் எதை உண்டனர்? இறைப்பு இயந்திரத்தை மூடி வைத்துவிட்டுப் பழையபடி துலா மிதித்தவர்கள் எத்தனை பரப்பைத் தரிசாக விட்டனர்? அக்காலத்தை ஒரு வீரகதையாக்கி, இன்றைய ஏழையின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்துவது அக்காலத்தில் துன்பப்பட்டவர்களுக்கே செய்யும் அவமரியாதை. தடையை எதிர்த்து அன்று குரல் கொடுத்த நாம், அதன் விளைவை இன்று ஒரு நற்பழக்கம் போலப் பரிந்துரைக்கலாமா?

இனி நிறுவனங்களைப் பார்ப்போம். எரிபொருள் விலை ஏறினால் நிறுவனத்தின் செலவைக் குறைக்க வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. குறைக்காத நிறுவனம் மூடப்படும். மூடப்பட்டால் தொழிலாளியும் தெருவில் நிற்பார். கேள்வி, எங்கிருந்து தொடங்குவது என்பதே. நான் முன்னொரு காலத்தில் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில், ஒரு விலையேற்றத்தின் போது நிர்வாகம் முதலில் வெட்டியது பிரதேச நிருபர்களின் பயணக் கொடுப்பனவை. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமாகும் செய்திக்கு ஏற்பக் கொடுப்பனவு. அதற்கு மேல் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்ப் பணம். அந்த எண்ணெய்ப் பணம் போயிற்று. தலைமையகத்தில் நின்ற வாகனங்களில் ஒன்றுகூட நிறுத்தப்படவில்லை. பணிப்பாளரின் வீட்டுப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றியிறக்கிய வாகனத்துக்கும் நிறுவனக் கணக்கிலேயே எண்ணெய் போயிற்று.

விளைவு என்ன? நிருபர்கள் வீட்டிலிருந்தபடி தொலைபேசியில் செய்தி எடுத்தனர். தொலைபேசியில் அகப்படுபவர் யார்? அரசியல்வாதி, அதிகாரி, சங்கத் தலைவர். தீவகத்தில் குடிநீருக்காகக் குடத்துடன் நடக்கும் பெண் தொலைபேசியில் அகப்பட மாட்டார். சில மாதங்களில் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கங்கள் அறிக்கைகளாலும் படங்களாலும் நிறைந்தன. வாசகர் குறைந்தனர். பின்னர், "வாசகர் குறைந்துவிட்டனர், இன்னும் செலவைச் சுருக்குங்கள்" என்றது நிர்வாகம். நிருபரின் எண்ணெய்ப் பணம் அப்பத்திரிகையின் செலவன்று, முதல். விதைநெல்லை அவித்துண்டுவிட்டு விளைச்சல் இல்லையே என்று அழுதால் என் செய்வது?

இந்த அனுபவத்திலிருந்து, சிறிய வியாபாரம் நடத்துபவர்களுக்கு நான் கூறக்கூடியது இதுதான். உங்கள் எண்ணெய்க் கணக்கை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு பக்கத்தில் விற்பனையை உண்டாக்கும் எண்ணெய். மறுபக்கத்தில் வசதிக்கான எண்ணெய். வெதுப்பகத்திலிருந்து ஒழுங்கைக்கு ஒழுங்கை பாண் கொண்டுபோகும் முச்சக்கரவண்டியின் எண்ணெய் முதற் பக்கம். முதலாளி வங்கிக்கும் சந்தைக்கும் தனித்தனியே நான்கு தடவை போகும் காரின் எண்ணெய் மறுபக்கம். வெட்டுவதை மறுபக்கத்தில் தொடங்குங்கள். பிறகு ஒரே திசைக்குப் போகும் பொதிகளைச் சேருங்கள். அயல் கடைக்காரருடன் ஒரு லொறியைப் பகிருங்கள். பஸ்ஸிலும் புகையிரதத்திலும் அனுப்பக்கூடியதை அனுப்புங்கள். இவ்வளவும் செய்து முடித்த பின்னரே தொழிலாளியின் கூலியைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் வர வேண்டும். நடைமுறையில் நிகழ்வதோ நேர்மாறு. கூலியில் கை வைப்பது எளிது. ஒரு கடிதமும் தேவையில்லை, ஒரு வார்த்தை போதும்.

விலை இறங்கும்போது என்ன நிகழ்கின்றது என்பதையும் பேசியாக வேண்டும். 2022 ஒக்டோபரில் 92 ஒக்டேன் பெற்றோல் முதலில் 410 ரூபாவுக்கும் பின்னர் 370 ரூபாவுக்கும் இறங்கியது. பஸ் கட்டணத்தையாவது ஓர் ஆணைக்குழு கணக்கிடுகின்றது. 2022இல் ஆகக் குறைந்த கட்டணம் 20 ரூபாவிலிருந்து 27, 32, 40 என்று ஏறிப் பின்னர் ஓரளவு இறங்கவும் செய்தது. சோற்றுப் பொதிக்கும், தேநீருக்கும், முடிதிருத்தலுக்கும், லொறிக் கூலிக்கும் யார் கணக்கிடுவது? "டீசல் ஏறிவிட்டது" என்று ஏறிய விலைகள், டீசல் இறங்கிய பின்னரும் ஏறிய இடத்திலேயே இருந்தன. குடாநாட்டுச் சந்தைகளில் விவசாயியிடம் பத்து வீதம் "கழிவு" எடுக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி எத்தனை காலமாகக் கேட்கின்றோம்! எண்ணெய் விலை ஏறினால் விவசாயி கொண்டுவரும் கூலியும் அவர் தலையில். கழிவும் அவர் தலையில். செலவைச் சுருக்கச் சொல்லும் கட்டுரையில் இந்தக் கழிவைச் சுருக்கும்படி ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்?

அரசாங்கத்தின் சிக்கனம் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, வாசகர் அறிவீர்கள். மக்கள் பிரதிநிதிகளுக்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் என்னும் சலுகை பல பத்தாண்டுகள் இந்நாட்டில் நிலவியது. மறுபுறத்தில் 2024 ஜனவரி 1ஆம் திகதி முதல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் 18 வீதப் பெறுமதி சேர் வரி விதிக்கப்பட்டது. வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடனில் மூழ்கிய அரசுக்கு வரி வேண்டும். ஆனால் எரிபொருளின் மீதான வரி, கோடீஸ்வரரின் ஜீப்பையும் கடலை வண்டிக்காரரின் மோட்டார் சைக்கிளையும் ஒரே வீதத்தில் அளக்கின்றது. அத்தகைய வரியை வசூலிக்கும் அரசு, முதலாக எரிபொருளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டது. படகுகளுக்குப் பதிவு உண்டு. கமக்காரர்களுக்குக் கமநல சேவை நிலையங்களில் பதிவு உண்டு. 2022இல் சில வாரங்களுள் நாட்டின் வாகனங்களையெல்லாம் ஒரு கணினித் திட்டத்தில் பதிந்து காட்டியவர்களுக்கு, இவர்களைப் பதிவது மட்டும் மலையைப் புரட்டும் காரியமா?

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு சொல். 2022 மார்ச்சுக்கு முன் டொலருக்கு 200 ரூபாவை அண்டி நின்ற நாணயம், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. நீங்கள் அனுப்பும் அதே தொகை இங்கே கூடுதல் ரூபாவாக மாறியது; அதனால் உங்கள் உறவுகள் பலர் அந்தப் புயலைத் தாங்கிக்கொண்டனர். ஆனால் வெளிநாட்டில் எவரும் இல்லாத குடும்பம் அதே ஒழுங்கையில்தான் இருக்கின்றது. அவர்களுடைய துன்பம் உங்கள் உறவினரின் தொலைபேசி அழைப்பில் உங்களை வந்தடையாது. ஊர்ச் சங்கங்கள் வருடந்தோறும் மண்டபமும் வளைவும் கட்ட நிதி சேர்க்கின்றன. அந்நிதியில் ஒரு பங்கைத் தோட்டக் கிணறுகளுக்குச் சூரிய சக்தி இறைப்பு இயந்திரம் வாங்கக் கொடுத்தால், அடுத்த விலையேற்றத்தின் போது அந்தத் தோட்டம் வாடாது. ஒரு முறை கொடுக்கும் அந்தப் பணம் ஆண்டாண்டாக எண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்தும். சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்வது இத்தகையதையே.

உலகில் எங்கோ போர் மூண்டாலும், எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் குறைத்தாலும், நமது ரூபா சரிந்தாலும் எரிபொருள் விலை மீண்டும் ஏறும். நாம் எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடு. இதிலிருந்து தப்ப வழியில்லை. அன்றும் நமது பத்திரிகைகளில் அதே கட்டுரை வரும். அதனை வெளியிடப் போகும் ஆசிரிய நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு நிருபரை, அவருக்கு எண்ணெய்ப் பணமும் கொடுத்து, பாசையூர்க் கரைக்கு அதிகாலையில் அனுப்புங்கள். அங்கே படகைத் தள்ளுவதா விடுவதா என்று கணக்குப் பார்த்து நிற்கும் ஒருவரிடம் உங்கள் பத்து யோசனைகளையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பதிலையும் கட்டுரையின் பக்கத்திலேயே பிரசுரியுங்கள்.